காளீஸ்வரி என்று நான் போட்ட கையெழுத்து

அமராவதிபுதூர்
22.11.1998

அன்பு மகன் பாண்டியராஜனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், காளீஸ்வரி சுகம், உன் மகள் பூங்கோதைக்குப் போன வாரம் சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரிந்தாள், இப்போது தேவலை, ஒன்றாம் வகுப்புப் பரீட்சையில் இரண்டாவது ரேங்க் வாங்கியிருக்கிறாள். நீ சுகமாகத்தான் இருப்பாய். உன் சுகத்திற்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ள உனக்குத் தெரியும், அதனால் அதைக் கேட்கவில்லை. மழை இந்த வருஷம் நல்ல மழை, பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் தெற்குப் பக்கம் ஒழுகுகிறது, நானும் ராக்காயியும் அடுப்பை இங்குட்டு நகர்த்தி வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சத்துணவு ஆக்கிப் போடுகிறோம். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

சிவகங்கைக் கோர்ட்டில் தீர்ப்பு ஆகி இருபது நாள் ஆகிறது. உன் வக்கீல் அதை இங்கிலீஷில் டைப் அடித்து உனக்கு அனுப்பியிருப்பார். அதில் எதிர்த்தரப்பு இரண்டாம் சாட்சி என்று ஒரு பெண்பிள்ளை வருவாள், அது நான்தான். மனுவைப் போட்டுவிட்டு நீ விமானம் ஏறிப் போய்விட்டாய், வாய்தா ஒன்றுக்கும் வரவில்லை, அதனால் அந்த இரண்டாம் சாட்சி எப்படிக் கூண்டில் ஏறினாள், ஏன் ஏறினாள் என்பது உனக்குத் தெரியாது. தீர்ப்பிலும் அது முழுசாக இருக்காது. வக்கீல் வழியாக நீ ஒன்று கேள்விப்பட்டு, அம்மாவை யாரோ மிரட்டிவிட்டார்கள், அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லிக்கொள்வாய். அந்தச் சமாதானம் உனக்குக் கிடைக்கக் கூடாது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் தீபாவளி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கில் இருக்கும் இராமு பூத்துக்குப் போன் பண்ணினாய். காளீஸ்வரி அப்போது காளையார்கோவிலில் அவள் அப்பாவுக்கு முடியாமல் இருந்ததால் பிள்ளையோடு அங்கே போயிருந்தாள். நீ சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் கோர்ட்டில் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன். "அம்மா, அவ பேருக்கு ஒரு பெரிய கவரு வரும், விசா பேப்பரு. அவ ஊருல இல்லேன்னு போஸ்ட்மேன் திருப்பி அனுப்பிட்டா மறுபடி ஒரு வருசம் ஆயிரும். நீயே அவ பேரப் போட்டு வாங்கி வச்சிரு. பிரிக்க வேணாம். அவகிட்டச் சொல்லவும் வேணாம், நான் வரும்போது என் கையால குடுக்குறேன்" என்று சொன்னாய். மூன்று வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒரு தேசத்தில் கிடக்கிறார்களே என்று நான் படாத வருத்தமில்லை. விசா என்ற சொல்லைக் கேட்டதும் இராமுவுக்கு அங்கேயே ஒரு ரூபாய்க்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மாயக்கண்ணன் கவரைக் கொண்டுவந்தார். "மருமகப் பேருக்குல்ல வந்திருக்கு" என்றார். "அவ சார்பா நான் வாங்கிக்கிறேன்" என்றேன். முப்பது வருஷமாக நம் வீட்டுக்குத் தபால் கொண்டுவந்தவர், உன் அப்பா செத்த தந்தியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தானும் அழுதவர், என்னைச் சந்தேகப்படுவாரா. கவர் கையில் கிடைத்தது என்பதற்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு அட்டை, அதில் அவருடைய பேனாவை வாங்கி மருமகள் பேரைத் தமிழில் எழுதினேன். கவரை வீட்டில் வைத்தால் கரையான் அரித்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் என் அரிசிக் கணக்கு வைக்கிற இரும்பு பீரோவில் பூட்டி வைத்தேன். காளீஸ்வரி ஊரிலிருந்து திரும்பி வந்தபோதும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒரு நாளும் சொல்லவில்லை. அவள் சில சமயம், "அவுக எழுதி ரொம்ப நாளாச்சு அத்தை" என்பாள், நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன், உனக்கு வரப் போகிறதை நீ அறியமாட்டாய் புள்ள என்று. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னால் சோறு இறக்க முடியவில்லை. அதை எனக்குக் கொடுத்தது நீ.

தொண்ணூற்றேழு ஏப்ரலில் நீ வந்தாய். எட்டு நாள் வீட்டில் இருந்தாய். காளீஸ்வரி ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டாய், அவளும் நீ வந்த சந்தோஷத்தில் ஓடி ஓடிச் செய்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சினாய். ஒன்பதாம் நாள் காலையில் காளீஸ்வரி கொத்தமங்கலம் பள்ளிக்கூடத்திற்குப் பரீட்சை வேலையாகப் போன பிறகு, பிள்ளையைக் காளையார்கோவிலில் அம்மாச்சி வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று பை எடுத்தாய். பைக்குள் பிள்ளைக்கு ஒரு புது ஸ்வெட்டர் இருந்தது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டேன். "வாடகைக் காருல ஏசி போடுவாக, பிள்ளைக்குக் குளிரும்" என்றாய். போகிற போக்கில், அந்தக் கவரை மறக்காமல் இன்றைக்கு எடுத்து வந்து வை என்றும் சொன்னாய். ஊருக்குப் போவதற்கு முன்னால் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போக நினைத்திருக்கிறாய், அல்லது ராத்திரிக்குள் திரும்பி வருவது போல எனக்குத் தோன்ற வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாய். எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு பீரோவைத் திறந்து கவரை எடுத்தேன். ஹெட்மாஸ்டர் வியாகுலம் சார் பக்கத்தில் நின்றார். மேலே இருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கோர்ட் முத்திரையாட்டம் இருக்கே, எம்புட்டு நாளா வச்சிருக்கீக" என்று கேட்டார். விசா பேப்பர் சார் என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து நானே பிரிக்கச் சொன்னேன். அவர் நின்றபடியே படித்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி படித்தார். "விசா இல்லம்மா. ஒங்க மகன் காளீஸ்வரி டீச்சர விவாகரத்துப் பண்ணக் கேட்டிருக்காரு. பிள்ளையும் தனக்கே வேணுமின்னு கேட்டிருக்காரு. பதில் சொல்ல முப்பது நாள் குடுத்திருக்காக. அது முடிஞ்சு ஒன்றரை வருசமாச்சு" என்றார். எனக்குக் கவரும் கையெழுத்தும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை, அந்த ஸ்வெட்டர்தான் ஞாபகம் வந்தது. "சார், பிள்ளையக் கொண்டு போயிட்டான்" என்றேன். சாயங்காலம் மெட்ராஸ் ரயில் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார், ஸ்கூட்டரையும் எடுத்தார். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து காரைக்குடி ஸ்டேஷனுக்குப் போனேன்.

அந்தப் பெட்டியில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, நீ தண்ணீர் பாட்டில் வாங்க அங்குட்டு இறங்கிப் போயிருந்தபோது நான் ஏறிவிட்டேன். பிள்ளை ஜன்னல் பக்கம் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அப்பத்தா, நீயும் வாரியா, அம்மா புதுக்கோட்டையில ஏறுமாம்" என்றாள். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு நீ சொல்லி வைத்த பொய் அது. புதுக்கோட்டை வந்து அம்மா ஏறவில்லை என்றால் திருச்சி என்று சொல்லியிருப்பாய், திருச்சி போனால் மெட்ராஸ் என்று சொல்லியிருப்பாய், அப்புறம் கடலைத் தாண்டின பிறகு என்ன சொல்லியிருப்பாய் பாண்டி? நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரவும் நீ ஏறவும் சரியாக இருந்தது. உன்னைத் தள்ளிக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கி நின்று, "எறங்கி வா, இல்ல இந்த ஸ்டேஷன் பூராவும் கேக்குற மாதிரி நீ செஞ்சதச் சொல்லுவேன்" என்றேன். நீ இறங்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றதும் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாய். ரயில் நகர்ந்தது. பெற்ற பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு போனதை நான் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே காளீஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போட்டது உட்பட. அவள் என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் பேசவில்லை. அடுப்பு மூட்டினாள், எனக்குச் சோறு போட்டு வைத்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள். நான்காம் நாள் துணிகளை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "அன்னைக்கு ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் பதில் எழுதியிருப்பேன்ல அத்தை" என்று சொன்னாள். அவ்வளவுதான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காளையார்கோவில் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அங்கே பஸ் ஏறிப் போனேன். அவள் அண்ணன் வாசலிலேயே நின்று, "மகனுக்குத் துப்பு எடுத்துக் குடுக்க வந்தீகளா" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. தெருவில் நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன், ஒன்பது ஞாயிற்றுக்கிழமை.

ஆடி மாதம் உன் மனு வந்தது. அமெரிக்கக் கோர்ட் கல்யாணத்தை முறித்துவிட்டது, பிள்ளையையும் எனக்கே கொடுத்துவிட்டது, அதன்படி இங்கே ஒப்படைக்கச் சொல்ல வேண்டும் என்று. காளீஸ்வரிக்கு வக்கீல் சிவகங்கையில் பெனிட்டா என்ற அம்மாள். முப்பது முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், மெதுவாகப் பேசுவாள். நான் யாரும் கூப்பிடாமல் அவள் ஆபீசுக்குப் போனேன். காளீஸ்வரியும் அண்ணனும் அங்கே இருந்தார்கள். பெனிட்டா எனக்கும் சேர்த்து விளங்கச் சொன்னாள். "வெளிநாட்டுக் கோர்ட் தீர்ப்புங்கிறதுக்காகவே நாம ஏத்துக்கணும்னு இல்லம்மா. எதிராளிக்கு நோட்டீஸ் முறையாப் போயிருக்கணும், அவுக பக்கத்தையும் கேட்டிருக்கணும், நம்ம சட்டத்துல இருக்குற காரணத்துக்குக் குடுத்திருக்கணும். தொண்ணூத்தொண்ணுல சுப்ரீம் கோர்ட்டே இதச் சொல்லியிருக்கு. ஆனா நோட்டீஸ் இவுக கையில கெடச்சுது, வேணும்னே வராம இருந்துட்டாகன்னு அவுக சொல்றாக. அதுக்கு இந்த அட்டையக் காட்டுறாக" என்று மேஜை மேல் ஒரு நகலை வைத்தாள். இளஞ்சிவப்பு நிறம் இல்லை, கறுப்பு வெள்ளை. ஆனால் என் எழுத்து எனக்குத் தெரியாதா.

அதோடு உன் மனுவையும் தமிழில் படித்துச் சொன்னாள். காளீஸ்வரி உன்னோடு வர மறுத்தாள் என்று எழுதியிருந்தாய். நீ எப்போது கூப்பிட்டாய்? பிள்ளை படிப்பறிவில்லாத, நோயாளியான ஒரு கிழவியின் பராமரிப்பில் கிராமத்தில் சீரழிகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் பெனிட்டா நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். உன் அப்பா போனபோது உனக்குப் பத்தொன்பது வயது. எட்டாவது படித்தவள் என்பதால்தான் சத்துணவு அமைப்பாளர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை தினமும் நூற்றிருபது பிள்ளைகளின் பதிவேட்டை என் கையால் எழுதுகிறேன். அந்த வேலையில்தான் நீ இஞ்சினியரிங் முடித்தாய். மருமகள் பேரில் கள்ளக் கையெழுத்துப் போட வேண்டிய அன்றைக்கு எனக்குப் படிப்பறிவு இருந்தது, பிள்ளையைப் பறிக்க வேண்டிய அன்றைக்கு இல்லாமல் போய்விட்டதா. காளீஸ்வரிக்காக மட்டும் நான் கூண்டு ஏறினேன் என்று ஊரில் எல்லோரும் மெச்சுகிறார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன், பாதி அவளுக்காக, பாதி அந்த ஒரு வரிக்காக.

"நான் வந்து சொல்றேன், அது என் கையெழுத்து" என்றேன். பெனிட்டா உடனே சரி என்று சொல்லவில்லை. "அடுத்தவுக பேருல கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே சொன்னா அது ஒங்க மேலயே கேஸாத் திரும்பலாம். சர்க்கார் சம்பளம் வாங்குறீக, ரிட்டையராக இன்னும் ரெண்டு வருசம்தான் இருக்குன்னு சொல்றீக. வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வாங்க" என்றாள். யோசிக்க ஒன்றும் இல்லை, என்னை உள்ளே வைத்தாலும் வைக்கட்டும், என் மகன் ஜெயிக்கக் கூடாது என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தக் கடைசி வார்த்தைய மட்டும் ஜட்ஜ் முன்னாடி சொல்லீராதீக" என்றாள். வெளியே வந்ததும் காளீஸ்வரியின் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். காளீஸ்வரி என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அந்த வாரமே பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒன்பது வாய்தா போன பிறகு என் முறை வந்தது. இந்த வருஷம் ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை. உன் வக்கீல் நல்ல உசரம், நல்ல குரல். முதலில் என்னை அம்மா, தாயே என்றுதான் பேசினார். மகன் மேலே என்ன கோபம், பணம் அனுப்பாமல் விட்டாரா என்றார். மாதா மாதம் அனுப்பினான் என்றேன். மருமகள் மிரட்டிச் சொல்லச் சொன்னாளா என்றார். "மிரட்டல ஐயா, மூணு நாள் பேசாம இருந்தா" என்றேன். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள், ஜட்ஜ் சிரிக்கவில்லை. அப்புறம் உன் வக்கீலுக்குக் குரல் ஏறியது. இந்த அட்டையில் இருப்பது காளீஸ்வரியின் கையெழுத்து, அவளைக் காப்பாற்ற நீங்கள் பழியை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றார். அப்போது ஜட்ஜே ஒரு வெள்ளைத்தாளைக் கொடுக்கச் சொல்லி, மருமகள் பேரை எழுதுங்கள் என்றார். கூண்டின் கட்டை மேலே வைத்து எழுதினேன். பெனிட்டா அதை வாங்கி அட்டையோடு சேர்த்துக் காட்டினாள். நான் அந்த அட்டையிலும் இந்தத் தாளிலும் காளிஸ்வரி என்று குறிலாகத்தான் எழுதியிருந்தேன். காளீஸ்வரி டீச்சர், அவள் போட்ட கையெழுத்து எல்லாவற்றிலும் நெடில் இருக்கிறது. ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் மருமகள் பேரை நான் தப்பாக எழுதுகிறேன் என்பது அந்தக் கூண்டில்தான் எனக்குத் தெரிந்தது.

ஜட்ஜ் இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். "அடுத்தவங்க பேர்ல கையெழுத்துப் போடுறது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா அம்மா" என்று கேட்டார். "தெரியுங்க ஐயா. போடும்போது என் மகன் சொன்னான்னு போட்டேன். தப்புன்னு சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன்" என்றேன். யார் சொன்னதென்று மறுபடி கேட்டார். நான் உன் முழுப் பேரையும், உன் அப்பா பேரையும் சேர்த்து, குருநாதன் மகன் பாண்டியராஜன் என்று கோர்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்குத்தான் அப்படிச் சொன்னது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் சொன்னேன். ரயிலில் அந்தப் பேப்பருக்குப் பின்னால் நீ முகத்தை ஒளித்தாயே, அதற்குப் பதில் அதுதான் என்று வைத்துக்கொள்.

தீர்ப்பைப் பெனிட்டா எங்களுக்கு வராந்தாவிலேயே சொல்லிவிட்டாள். அமெரிக்காவில் நீ வாங்கிய விவாகரத்து இங்கே செல்லாது. காளீஸ்வரிக்கு நோட்டீஸ் போய்ச் சேரவே இல்லை. பிள்ளை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும். நீ பிள்ளை பேரில் எடுத்த பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் கட்ட வேண்டும், கோர்ட்டைக் கேட்காமல் பிள்ளை தேசத்தைத் தாண்டக் கூடாது. என் கையெழுத்து விஷயத்தில் என்ன செய்வது என்று ஜட்ஜ் ஒன்றும் எழுதவில்லை. உன் வக்கீல் என் மேலே தனியாகப் புகார் கொடுக்கலாமாம். கொடுக்கச் சொல். அந்தக் கேஸிலும் முதல் கேள்வி, யார் சொல்லிப் போட்டாய் என்பதாகத்தான் இருக்கும்.

இப்போது நீ எப்படி இருக்கிறாய் என்று யோசித்துப் பார். அந்தத் தேசத்துச் சட்டப்படி நீ இன்னொருத்தியின் புருஷன், இந்தத் தேசத்துச் சட்டப்படி நீ காளீஸ்வரியின் புருஷன். நீ அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டாய் என்பதும், அவள் கோயம்புத்தூர்க்காரி என்பதும் உன் பிரண்டு மூலமாக எனக்குத் தெரியும். அவள் அப்பாவின் விலாசத்தை விசாரித்து வாங்கித் தீர்ப்பின் நகலை அவருக்கு நானே அனுப்பினேன். நீ வேதனைப்பட வேண்டும் என்றுதான் அனுப்பினேன், அதை மறைக்கவில்லை. போன வாரம் அந்த மனுஷர் நேரில் வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும், சட்டையெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "மொத சம்சாரமும் சம்மதிச்சுத்தான் பிரிஞ்சாங்கன்னு மாப்பிள்ளை சொன்னாருங்க. எம் பொண்ணுகிட்ட ஏதோ காயிதமும் காட்டுனாருங்க" என்றார். காளீஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு தகப்பன் தன் மகளுக்காக இன்னொருவர் மகளைக் கும்பிட்டதைப் பார்த்த பிறகு, உன்னைப் பழிவாங்கிய சந்தோஷம் எனக்கு அரை நாள்கூட நிற்கவில்லை. அந்தப் பெண்ணையும் நீ ஏமாற்றித்தான் வைத்திருக்கிறாய். காளீஸ்வரி அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அவர் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள், "நான் அவுகளப் புடிச்சு வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறேன் அத்தை. ஆனா அவுக குடுத்த விவாகரத்த வாங்கிக்க மாட்டேன். நானே கேட்டு, நம்ம கோர்ட்டுல, என் கையெழுத்தப் போட்டு வாங்குவேன்" என்று. சொன்னபடி பெனிட்டாவிடம் மனு கொடுத்துவிட்டாள். நீ விட்டுப் போனது, அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துவது எல்லாம் அதில் காரணமாக வரும். ஒவ்வொன்றும் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதப்பட்டு உன் வீட்டு வாசலுக்கு வரும். நீ வீடு மாற்றி விலாசத்தை யாருக்கும் சொல்லாமல் இருந்தாய். எனக்கு மட்டும் ஆத்திர அவசரத்துக்கு என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெனிட்டாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் தோற்றேன். பிள்ளையை நீ பார்க்கவே கூடாது என்று கேட்கச் சொன்னேன். பெனிட்டா வேண்டாம் என்றாள், நான் காளீஸ்வரியிடம் சண்டை போட்டேன். "அவ ரத்தத்துல பாதி அவுகளோடதுதான அத்தை. நாளைக்கு எங்கப்பா எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்ல" என்று அவளே ஜட்ஜிடம், அப்பா வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அதனால் வருஷா வருஷம் மே மாதம் முதல் இரண்டு வாரம், காரைக்குடியில், காளீஸ்வரி கூட இருக்க, காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை நீ பூங்கோதையைப் பார்க்கலாம். ஊரைத் தாண்டிக் கூட்டிப் போகக் கூடாது. இது அவள் உனக்குப் போட்ட பிச்சை. அவள் மனசு அப்படி, என் மனசு அப்படி இல்லை. நீ வந்தால் காரைக்குடியில் லாட்ஜில் தங்கிக்கொள், ஓட்டலில் சாப்பிட்டுக்கொள். இந்த வீட்டு வாசலுக்கு வராதே. வந்தால் நான் கதவைச் சாத்த மாட்டேன், ஊர் பார்க்கத் திறந்து வைத்துக்கொண்டு உனக்கு இலை போடாமல் உட்கார்ந்திருப்பேன். உனக்குச் சோறு போடாமல் இருக்க என்னால் முடியுமா என்று நீ நினைப்பாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, அதனால்தான் வராதே என்கிறேன்.

வேறு செய்தி இல்லை. அடுத்த ஜூனில் ரிட்டையர் ஆகிறேன், அது வரைக்கும் வேலைக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். பணம் இனி என் பேருக்கு அனுப்பாதே, போன மாதம் வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மே மாதம் வருவதாக இருந்தால் மார்ச்சுக்குள் பெனிட்டாவுக்கு எழுது, தேதி சொல்லிவிட்டு வராமல் இருக்காதே, பிள்ளை காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பத்து மணி என்றால் பத்து மணிக்கு வா.

ஆசீர்வாதம் சொல்லாமல் உனக்கு நான் எந்தக் கடிதத்தையும் முடித்ததில்லை. இதையும் அப்படியே முடிக்கிறேன். நீ நூறு வயது இருக்க வேண்டும். கண் மங்காமல், காது மந்தமாகாமல், ஞாபகம் தப்பாமல் இருக்க வேண்டும். வருஷத்திற்கு ஒரு போட்டோ உனக்கு அனுப்பச் சொல்லிக் காளீஸ்வரியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், நான் போன பிறகும் அனுப்புவாள். பூங்கோதை உன் தோள் உயரம் வளர்ந்து நிற்பதும், பட்டம் வாங்குவதும், மாலை போட்டு நிற்பதும் ஒவ்வொன்றாக உன் கைக்கு வரும், ஒன்றிலும் அவள் பக்கத்தில் நீ இருக்க மாட்டாய். அத்தனையையும் ஒன்று விடாமல் பார்க்க நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று கொப்புடையம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
கு. சோணையம்மாள்